பெரிய வீடும் லயத்துப் பெண்ணும்



கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் ஓர் ஆங்கிலப் புதினத்தைப் படித்து முடித்தேன். ‘ஈவினிங் இஸ் தி ஹோல் டே’ என்பது அதன் பெயர். எழுதியவர் பிரீதா சமரசன். ஈப்போவில் வளர்ந்த மலேசியத் தமிழ்ப்பெண். 2008-ஆம் ஆண்டு வெளிவந்து, 2009-இல் இங்கிலாந்தின் ஆரஞ்சு பரிசுக்கான நெடும்பட்டியலிலும் இடம்பெற்ற நூல். இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. ஆங்கிலம் எனக்குச் சரளமாக வரும் மொழியன்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்குப் பத்துப் பக்கமாகப் படித்தேன். முடித்த பின்பு பல நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இப்போது எழுதுவதும் நூல் மதிப்புரை அன்று. அப்புதினத்தில் வரும் ஒரு பெண் எந்த வரலாற்றிலிருந்து வந்தாள் என்பதை, நான் பிறந்து வளர்ந்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நின்று பார்த்து எழுதுகிறேன்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். அது நம் குறுந்தொகைப் பாடல் ஒன்றை ஏ. கே. இராமானுசன் ஆங்கிலமாக்கியதிலிருந்து எடுக்கப்பட்டது. சங்கப் பாட்டொன்று ஆங்கிலத்திற்குப் போய், ஈப்போ வீடொன்றின் கதைக்குப் பெயராகி, கடைசியில் ஒரு தமிழாசிரியையின் மேசைக்குத் திரும்பி வந்திருக்கிறது. எத்தனை சுற்று!

கதை நிகழும் ஆண்டு 1980. ஈப்போவில் ‘பெரிய வீடு’ என்று அழைக்கப்படும் ஒரு மாளிகை. அதன் தலைவர் இராசசேகரன், வெளிநாட்டில் சட்டம் படித்துத் திரும்பிய புகழ்பெற்ற வழக்கறிஞர். மனைவி வசந்தி, வசதி குறைந்த குடும்பத்திலிருந்து அவ்வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். மேற்படிப்புக்காக அமெரிக்கா புறப்படும் உமா, பள்ளிச் சிறுவன் சுரேஷ், ஆறு வயதுக் குழந்தை ஆஷா என்று மூன்று பிள்ளைகள். வீட்டின் மூலையில், நாற்காலியை விட்டு நகராத பாட்டி. அந்தப் பாட்டியைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட வேலைக்காரப் பெண்தான் செல்லம். பிள்ளைகள் அவளுடைய பெயரையும் வேலையையும் ஒட்டி ‘செல்லம்சர்வன்ட்’ என்று ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பெயர் இவ்வாறு வேலையோடு ஒட்டிப்போவது புதியதன்று. கொல்லையில் வந்து நிற்பவரை யாரும் தனிப்பெயரால் கூப்பிட்டதில்லை.

புதினம் தொடங்கும்போதே செல்லம் வெளியேற்றப்படுகிறாள். குடிகாரத் தந்தை வந்து அழைத்துப் போகிறான். பாட்டி குளியலறையில் இறந்திருக்கிறாள். பழி செல்லத்தின்மேல் விழுந்திருக்கிறது. அதன் பிறகு கதை பின்னோக்கி நடக்கிறது. ஒவ்வோர் இயலிலும் அந்த வீட்டின் ஓர் அறை திறக்கிறது. ஊரார் போற்றும் வழக்கறிஞருக்கு வெளியே இன்னொரு குடும்பம் இருக்கிறது. தாய்க்குத் தன் மாமியாரிடம் பட்ட அவமானம் ஆறவில்லை. மூத்த மகள் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள். 1969-ஆம் ஆண்டு மே 13 கலவரமும் கதைக்குள் வருகிறது. சிறுமி ஆஷா கண்டது என்ன, சொன்னது என்ன என்பதுதான் கதையின் அச்சாணி. படிக்க எண்ணுவோருக்காக அதனை இங்கே விரித்துரைக்கவில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மறைக்க ஏதோ ஒன்று இருந்தது. செல்லம் போய்விட்டால் எல்லாருக்கும் வசதி. இவ்வளவு சொன்னால் போதும்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. வருணனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சு முட்ட வைக்கின்றன. பெரிய வீட்டார் ஒவ்வொருவரின் உள்ளத்துக்குள்ளும் நுழையும் ஆசிரியர், செல்லத்தின் உள்ளத்துக்குள் அவ்வளவாக நுழையவில்லை என்பது என் எண்ணம். அவளைப் பெரும்பாலும் வீட்டுச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். இதை எழுதும்போது இன்னொன்றையும் கவனித்தேன். மேலே வழக்கறிஞரை ‘தலைவர்’, ‘வழக்கறிஞர்’ என்னும் மரியாதையோடும், செல்லத்தை ‘அவள்’ என்றும், அவள் தந்தையை ‘போகிறான்’ என்றும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாக எழுதியது. திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

தோட்டத்து மக்களைப் பற்றிய புதினங்கள் நமக்குப் புதியன அல்ல. அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ எழுதினார், அதனை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். 2013-இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்துக்கு அதுவே அடிப்படை. அத்தகைய நூல்களைப் படித்து நாம் அழுகிறோம். அழுவதில் ஒரு வசதி இருக்கிறது: கொடுமை செய்பவர் வெள்ளைக்காரத் துரை, அல்லது அவருக்கு ஏவல் செய்யும் கங்காணி. நாம் எப்போதும் கொழுந்துக் கூடையின் பக்கம் நிற்கிறோம். பிரீதா சமரசன் அந்த வசதியைப் பறித்துவிடுகிறார். இந்தக் கதையில் துரை இல்லை. அவர் நாடு திரும்பிவிட்டார். பெரிய வீட்டையும் நம்மவரிடமே விற்றுவிட்டுப் போய்விட்டார். ஆம், அந்த மாளிகை ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடமிருந்து இராசசேகரனின் தந்தை வாங்கியது. அக்குடும்பத்தின் மூதாதையோ கூலியாகக் கடல் கடந்து வந்தவர். கூலியின் பேரனுக்கும் கூலியின் பேத்திக்கும் இடையில் ஒரு குசினிக் கதவு! அந்தக் கதவு எப்போது, எவ்வாறு வந்தது என்பதுதான் வரலாறு.

இனி மலைக்கு வருவோம்.

1885-ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் கண்டு எழுதினார். அவருடைய பெயரே நிலைத்தது. ஆனால் நாற்பது ஆண்டுகள் இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925-க்குப் பிறகுதான் மலைவாழிடம் அமைக்கும் முயற்சி தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைப் பயிரில் பட்டறிவு பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரின் துணையோடு ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். (நிறுவனத்தின் பெயரே ‘போ’தான், யாரையும் விரட்டுவதாக எண்ண வேண்டா.) தாப்பாவிலிருந்து மேலேறும் பாதை 1931 வாக்கில் முடிந்தது. 1933-இல் அகர்வால் குடும்பத்தார் பாரத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினர். அதே ஆண்டில் ரஸ்ஸல் மறைந்தார். ஹாபு, ரிங்லெட், சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று மலைச்சரிவுகள் ஒவ்வொன்றாகப் பச்சைக் கம்பளமாயின.

கம்பளத்தை நெய்த கைகள் நம்முடையவை. கங்காணி முறையில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுவரும் வழக்கம் அப்போது நடைமுறையில் இருந்தது. 1938-இல் இந்திய அரசு, உதவித்தொகையோடு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. கேமரன் மலைத் தேயிலை தொடங்கி ஒன்பதே ஆண்டுகள். ஆகவே இங்குள்ள பழைய குடும்பங்கள் பலவும் அந்தக் கடைசி அலையில் வந்தவை, அல்லது கீழ்நாட்டு இரப்பர்த் தோட்டங்களிலிருந்து மேலே ஏறி வந்தவை. 1930-க்கு முன் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுத்திருந்தனர். ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் பெரட்டுக்கு நின்றால் அந்தப் பத்துக் காசு வேறுபாடு ஒவ்வொரு நாளும் கண்முன் இருக்கும்.

கூலி மட்டும் அன்று. நிலத்தின் அமைப்பே பாடம் நடத்தியது. தேயிலைத் தோட்டத்தில் வாழாதவர்களுக்கு இதனைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். துரை பங்களா மேட்டில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுவதும் தெரியும். லயம் பள்ளத்தில், ஓடையை ஒட்டி இருக்கும். அங்கிருந்து பார்த்தால் பங்களா மட்டும் தெரியும். நடுவில், அலுவலகத்துக்குப் பக்கத்தில், கிராணி வீடு. கிராணி என்றால் கணக்கர், எழுத்தர். தொடக்கத்தில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளுமே பெரும்பாலும் அவ்வேலையில் இருந்தனர். பிறகு லயத்திலிருந்து படித்து வந்த ஓரிருவர் அந்த நடுப்படிக்கு ஏறினர். துரை வீட்டில் ஆயா, குசினிக்காரன், தோட்டக்காரன் எல்லாரும் இருப்பர். கிராணி வீட்டில் அத்தனை பேர் இல்லாவிட்டாலும் ஒரு பெண் இருப்பாள். துரையைப் பார்த்துக் கிராணி கற்றுக்கொண்டார். கிராணியைப் பார்த்துக் கீழ்நாட்டு நகரத்து நம்மவர் கற்றுக்கொண்டனரோ, அன்றி எல்லாரும் துரையிடமே கற்றனரோ, அறியேன். ஈப்போ, தாப்பா, கம்பார் போன்ற ஊர்களின் வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர் வீடுகளுக்கு மலையிலிருந்தும் இரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். ‘வீட்டோட இருக்கட்டும், ரெண்டு வேளை நல்லாச் சாப்பிடும்’ என்று பெற்றோரிடம் சொல்லப்படும். அதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

தோட்டத்தில் பள்ளி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும். பயிற்சிக் கழகத்தில் தேர்வுக்காக இதனை மனப்பாடம் செய்தோம். நம் தமிழ்ப்பள்ளிகளின் தோற்றுவாய் அதுதான் என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அச்சட்டம் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிப் பிறந்ததன்று. பெற்றோர் தோட்டத்தை விட்டுப் போகாமல் இருக்க வேண்டுமே என்பதற்காகப் பிறந்தது. பல பள்ளிகளில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். பள்ளி இருந்தது, பிள்ளை வந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயமானது 2003-ஆம் ஆண்டில்தான். அதுவரை ஒரு பெண்பிள்ளை ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிட்டால் கேட்பார் யாரும் இல்லை.

சட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1966-ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம், 14 வயதுக்குக் குறைந்தவர்களை அடுத்தவர் வீட்டு வேலையில் அமர்த்த இடம் தரவில்லை. 14 வயதைக் கடந்த இளையோரை அமர்த்தலாம் என்று அச்சட்டமே சொல்லியது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்திலோ, ஓய்வுநாள், வேலைநேரம், பொதுவிடுமுறை ஆகியவை பற்றிய பிரிவுகள் வீட்டு வேலையாளுக்குப் பொருந்தா. 2012-இல் வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணையும் அவர்களைச் சேர்க்கவில்லை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சட்டத்தில் இருந்த ‘ஏவலர்’ என்னும் பொருள்படும் சொல் நீக்கப்பட்டு, ‘பணியாளர்’ என்னும் பொருள்படும் சொல் வந்தது. 67 ஆண்டுகள் ஆயின, ஒரு சொல் மாற. கொழுந்து பறிக்கும் தாய்க்குத் தொழிற்சங்கம் இருந்தது. சம்பளச் சீட்டு இருந்தது. நகரத்து வீட்டில் பாத்திரம் கழுவும் அவள் மகளுக்கு இரண்டுமே இல்லை. எனவேதான் நம் தொழிற்சங்க வரலாற்றிலும் அவள் இல்லை. பள்ளி வரலாற்றிலும் இல்லை. அவளைத் தேட வேண்டிய இடம் குடும்பங்களின் நினைவு. குடும்பங்களோ அவளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கேமரன் மலையைக் களமாகக் கொண்ட புகழ்பெற்ற புதினம் ஒன்று உண்டு: தான் துவான் எங் எழுதிய ‘தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்’. 2012-இல் வெளிவந்து புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. 2019-இல் திரைப்படமாகவும் வந்தது. (இதன் பெயரிலும் ஒரு ‘மாலை’ இருக்கிறது, ஏனோ தெரியவில்லை!) அவசரகாலத்தில் இம்மலைக்கு வரும் செல்வக் குடும்பத்துச் சீனப்பெண், சப்பானியத் தோட்டக்கலைஞர், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த தேயிலைத் தோட்ட முதலாளி ஆகியோரின் கதை. அழகான நூல், மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிப்பவர்கள் அதில் மலைக்காட்சியின் ஒரு பகுதியாகவே எனக்குத் தெரிந்தார்கள். அதனால்தான், தேயிலையே இல்லாத ஈப்போக் கதை, தேயிலை மணக்கும் இந்தக் கதையைவிட எங்கள் தோட்டத்துக்கு நெருக்கமாக இருந்தது. செல்லத்தை எனக்குத் தெரியும்.

என் தந்தையார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டா. என் பாட்டனார் லயத்தில் பிறந்து, அங்கேயே முடிந்தவர். தந்தையார் எல்.சி.இ. வரை படித்துத் தேர்ந்ததால், தோட்டத்தில் நம்மவர்களில் முதல் ஆளாக அலுவலக நாற்காலியில் அமர்ந்தார். லயத்துக்கும் எங்களுக்கும் இடையே ஒரு தலைமுறையும் நாற்பது படிக்கட்டும்தான் தொலைவு. ஆனால் அந்த நாற்பது படிக்கட்டை என் தாயார் மிகக் கவனமாகக் காத்தார். நாங்கள் லயத்துக்கு விளையாடப் போகக்கூடாது. ‘கிராணி வீட்டுப் பிள்ளை’ என்னும் சொல்லை நான் அகர வரிசைக்கு முன்பே கற்றேன்.

1989-ஆம் ஆண்டுப் பொங்கல் கழிந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். என்னைவிட மூத்தவள். ஒரே பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவள். பள்ளியில் அவளை ‘அக்கா’ என்றே அழைத்து வந்தேன். வீட்டுக்கு வந்த அன்று, “பேரச் சொல்லிக் கூப்பிடு” என்று அம்மா திருத்தினார். அவள் ஐந்தாம் ஆண்டோடு நின்றிருந்தாள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அப்போதுதான், 1988-இல், தொடங்கியிருந்தது. நின்றிராவிட்டால் அந்த ஆண்டு அவள் அதனை எழுதியிருப்பாள். நாள்தோறும் காலையில் பனியில் என் பையைச் சுமந்துகொண்டு பள்ளி வாயில் வரை வருவாள். நான் உள்ளே போவேன். அவள் திரும்பி நடப்பாள். அவளுடைய வகுப்புத் தோழியர் அப்போது வாயிலில்தான் நின்றுகொண்டிருப்பர்.

அவளுடைய சம்பளத்தை அவள் கண்டதில்லை. சம்பள நாளில், அவள் தந்தைக்குரிய தோட்டக் கூலியோடு சேர்த்து என் தந்தையார் கொடுத்துவிடுவார். எத்தனை வெள்ளி என்று எனக்குத் தெரியாது. 14 வயதுச் சட்டம் எங்கள் தந்தையாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் சட்டம் படித்துச் சொல்பவரே அவர்தான்.

மறு ஆண்டு ஒரு மாலை. மாதக் கடைசி. தந்தையார் செக்ரோல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதிக்கொண்டிருந்தார். யார் எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவருக்குப் பந்துமுனைப் பேனா பிடிக்காது. ஊற்றுப்பேனாவால் முத்து முத்தாக எழுதுவார். யாரோ அழைக்க, வெளியே எழுந்து போனார். நான் வீட்டுப்பாடம் செய்வதற்காக அந்த மேசையில் ஏறினேன். தேநீர்க் குவளை சாய்ந்தது. இரண்டு பக்கம் முழுவதும் மை கரைந்து ஓடியது. அவள் குசினியிலிருந்து துணியோடு ஓடிவந்து ஒற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவும் அப்பாவும் உள்ளே வந்தனர். “யாரு?” என்று அம்மா கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவள் கையில் துணி இருந்தது.

அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவே அவள் தந்தை வரவழைக்கப்பட்டார். பின்வாசல் படியில் நின்றார், உள்ளே வரவில்லை. “மன்னிச்சிக்குங்க ஐயா” என்றார் மூன்று முறை. பிறகு அவளை அறைந்தார். என் தந்தையார், “அடிக்காத, அழச்சிட்டுப் போ” என்றார். அந்தச் சொல்லுக்காக என் தந்தையாரை நல்லவர் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். இன்று வேறொன்று தோன்றுகிறது. அந்த மனிதரின் பெயரும் அதே செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. அவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதை எழுதும் கை என் தந்தையாருடையது. ‘என் மகள் செய்திருக்க மாட்டாள் ஐயா’ என்று அவர் எவ்வாறு சொல்வார்? தந்தையார் விடிய விடிய, தண்டலின் குறிப்பேட்டை வைத்து அந்த இரண்டு பக்கங்களையும் திரும்ப எழுதினார். துரையிடம் கெட்ட பெயர் வாங்கவில்லை. கிராணி வீட்டு மானம் காப்பாற்றப்பட்டது.

அம்மாவுக்கு உண்மை தெரியும் என்றே நினைக்கிறேன். என் பள்ளிச் சீருடையின் கைப்பகுதியில் தேநீர்க் கறை இருந்தது. அடுத்த நாள் அதனைத் துவைத்தவர் அம்மாதான். துவைக்க வேறு ஆள் இல்லை. ஒரு சொல்லும் கேட்கவில்லை. பின்னர் அம்மா மறையும் வரையிலும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆஷாவின் கதையைப் படித்தபோது இடையில் இரண்டு நாள் நூலை மூடி வைத்தது இதனால்தான். புதினத்தைப் பாராட்டியவர்கள் பலர் அதன் மொழி வளத்தையும் அரசியலையும் பேசினார்கள். எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறு: ஆறு வயதுக் குழந்தைக்கு வீட்டின் ஏணிப்படி முழுவதும் தெரிந்திருக்கிறது. எந்தப் படியில் நிற்பவர்மேல் பழி நிற்கும், எந்தப் படியில் நிற்காது என்பதை அது பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே கற்றுவிடுகிறது. குடும்பம் ஒழுக்கமானது, நேர்மையானது என்று வெளியே நிறுவ வேண்டுமானால் உள்ளே இருக்கும் அழுக்கைச் சுமந்துகொண்டு யாராவது பின்வாசல் வழியாகப் போகவேண்டும். பெரிய வீட்டார் கெட்டவர்கள் அல்லர். எங்கள் வீட்டாரும் அல்லர்.

இப்போது அந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். கையால் பறிப்பது குறைந்து, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. லயத்துப் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். சிலர் மிக நன்றாக இருக்கிறார்கள். நம்மவர் வீடுகளில் வேலைக்கு இருக்கும் பெண்களும் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் வருகிறார்கள். சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன், ‘என் குடும்பம்’ என்னும் கட்டுரையில் வீட்டில் உள்ளவர்களை ஐந்து பேர் என்று எழுதியிருந்தான். படத்தில் ஆறு பேர் இருந்தனர். “இது யார்?” என்று கேட்டேன். “அது கக்கா, டீச்சர்” என்றான். பெயர் தெரியுமா என்றேன். தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தான். அவனுடைய தாயார் என்மேல் சற்று வருத்தப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன். பெற்றோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவளைத் தேடினேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் படித்த தோட்டப் பள்ளியின் ஆண்டுமலருக்காகப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஓரம் கறையான் அரித்த நீளமான புத்தகம். 1984-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் அவள் பெயர் இருந்தது. தந்தையின் தொழில்: கூலி. விலகிய ஆண்டு: 1988. விலகிய காரணம் என்னும் கட்டத்தில் மலாயில் மூன்று சொல் எழுதியிருந்தது. தமிழில் சொன்னால் ‘தன் சொந்த விருப்பம்’. அதே பக்கத்தில் இன்னும் நான்கு பெண்களுக்கும் அதே காரணம், அதே கையெழுத்து. அவளுடைய பிறந்த நாளையும் அதில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். 1977, நவம்பர். விரலை விட்டு எண்ணினேன். பொங்கல் கழிந்து எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவளுக்குப் பதினோரு வயதும் இரண்டு மாதமும்.